பக்கத்து மெஷின் சொன்ன சாட்சி

"நீங்களே பாத்தீங்களா, இல்ல யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் அவர் செருப்பைக் கழற்றுவார். நாளைக்குத் தண்ணீர் வராதாம் என்று கணவர் வாய் தவறிச் சொல்லியிருப்பார், அவ்வளவுதான். யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது, கீழே அறிவிப்பு ஒட்டியிருக்கிறதா, ஒட்டியிருந்தால் அது போன மாதத்து அறிவிப்பா என்று, கைப்பையை மேசையில் வைப்பதற்குள் கேள்விகள் வரிசையாக வந்து விழும். கடைசியில் தானே மாடிக்குப் போய்த் தொட்டி மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு வந்தால்தான் அவருக்குத் தேநீர் தொண்டையில் இறங்கும்.

வீட்டில் அவருக்கு விசாரணைக் கமிஷன் என்று பெயர். வைத்தவர் கணவர். நாளடைவில் விசாரணை உதிர்ந்துபோய் வெறும் கமிஷன் மட்டும் நின்றுவிட்டது. கொழுந்தன் மட்டும் மரியாதைக்கு 'அண்ணி' என்பான், அதுவும் முகத்துக்கு நேரே. அந்தப் பெயரை எதிர்த்து அவர் இதுவரை எந்த மனுவும் போட்டதில்லை. "மத்த கமிஷன்லாம் அறிக்கை குடுக்கறதுக்குள்ள சம்பந்தப்பட்டவங்க செத்தே போயிடறாங்க. நான் சாயங்காலத்துக்குள்ள குடுத்துடறேன். அதுல பாதி தப்பா இருக்கும், அது வேற விஷயம்" என்பார்.

எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று நிற்கும் இந்த அம்மாளின் பிழைப்போ, கண்ணால் காணாத கணினிகளைப் பார்த்துக்கொள்வது. ஐம்பதை நெருங்குகிறார். சர்வர் எனப்படும் பெரிய கணினிகள் எங்கோ ஒரு குளிர்ந்த மண்டபத்தில் அடுக்கடுக்காக நிற்கின்றன. இவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவற்றுக்கு நல்லது கெட்டது பார்க்கிறார். கழுத்து வலிக்காமல் இருக்க மடிக்கணினியைக் கவிழ்த்துப் போட்ட பாத்திரம் ஒன்றின் மேல் ஏற்றி வைத்திருப்பார். முதுகுக்குப் பின்னால் துணி துவைக்கும் இயந்திரம். அது பிழியும் நேரத்தில் நடுங்கிக்கொண்டே நகர்ந்து வந்து இவர் நாற்காலியை முட்டும். "மேனேஜர் வந்துட்டார்" என்று சொல்லி, காலால் அதைப் பின்னுக்குத் தள்ளுவார்.

எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள், அப்படி என்னதான் வேலை பார்க்கிறீர்கள் என்று நேராகவே கேட்டுவிட்டார். "டப்பாவுக்கு ஆயா வேலைங்க. அதுவும் போன்ல" என்றார் இவர். எதிர்வீட்டு அம்மாள் அதைப் பாதி நம்பிப் பாதி விட்டுவிட்டார். ஆனால் அதில் பொய் ஒன்றுமில்லை. பத்து விரலும் விசைப்பலகையில் இருக்கிறதே தவிர, ஒரு டிஸ்க்கைக் கழற்றி மாட்ட வேண்டும் என்றால் அந்த மண்டபத்தில் உள்ள ஒரு மனிதரைத்தான் கூப்பிட்டாக வேண்டும்.

அவருக்குக் கூண்டுக்காரர் என்று பெயர். அங்கே கணினிகளைக் கம்பிவலைக் கூண்டுகளுக்குள் பூட்டி வைத்திருப்பதால் கமிஷன் வைத்த பெயர். பல வருஷப் பழக்கம், ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவர் இவரை "மேடம்" என்பார், இவர் அவரை "சார்" என்பார். விசிறிகளின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, கூண்டுக்காரர் எதைச் சொன்னாலும் கடல் நடுவில் நின்று கரைக்குச் சொல்வது போலிருக்கும். கீழ்த்தட்டில் வேலை என்றால் முதலில் ஒரு பெருமூச்சு கேட்கும், பிறகு "உக்கார்றேன் மேடம்" என்று தகவல் வரும். அவருக்கு எந்த முழங்காலில் வலி என்பது வரைக்கும் கமிஷனுக்குத் தெரியும். முகம்தான் தெரியாது.

கமிஷனுக்கு ஒரு கொள்கை உண்டு. சீக்கில் கிடக்கும் இயந்திரத்தைக் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. ஒருமுறை வயிற்றில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தபோது பிறந்த கொள்கை இது. பார்க்க வந்தவர்களெல்லாம், எப்படி இருக்கு, எங்கே வலிக்குது, என்ன சாப்பிட்டே, தையல் எத்தனை என்று இவரையே குடைந்து எடுத்தார்கள். மருந்துச் சீட்டோடு பக்கத்தில் நின்ற கணவரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. "கேக்கறதுக்கே பொறந்த என்னை, பதில் சொல்ல வச்சுக் கொன்னுட்டாங்க" என்று இப்போதும் சொல்வார். அன்றிலிருந்து, படுத்திருப்பவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பவரைக் கேட்பது என்று வைத்துக்கொண்டார். மனிதர்களுக்கு இது நல்ல வழிதான்.

கொழுந்தன் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறான். கல்யாணம், குழந்தைக்கு முதல் பிறந்தநாள், அறுபது வயது தம்பதிகள் கைகோத்து நிற்பது எல்லாம் அவன் கணக்கு. அத்தனை படமும் அந்தக் குளிர்மண்டபத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு கணினியில் இருக்கிறது. பக்கத்திலேயே அச்சு அசலாக இன்னொன்று. அதில் நகல் இருக்க வேண்டும் என்பது கமிஷன் போட்ட ஏற்பாடு. அதில் வீடியோக்களை நிரப்பி வைத்துக்கொண்டது கொழுந்தன் செய்த ஏற்பாடு. "மூணாவதா ஒண்ணு எடுத்துடலாம் அண்ணி" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நகல் இல்லாமலே காலம் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு விடுமுறை நாள் காலை, அவன் செருப்பைக் கழற்ற மறந்து நேராகச் சாப்பிடும் அறைக்குள் வந்து நின்றான். படங்கள் திறக்க மாட்டேன் என்கின்றன, திறந்தாலும் நத்தை போல வருகின்றன என்றான். அவன் செருப்பைப் பார்த்துவிட்டும் ஒன்றும் சொல்லாமல் கமிஷன் மடிக்கணினியைத் திறந்தார். கணினி அணைந்து கிடந்தால்கூட அதன் நாடியைத் தூரத்திலிருந்து பிடித்துப் பார்க்க ஒரு தனிப் பக்கம் உண்டு. அதில் நாலு டிஸ்க்குகளில் ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள்.

"ஒண்ணு போயிடுச்சு. இன்னொண்ணு, போகட்டுமான்னு கேக்குது" என்றார்.

கொழுந்தன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். கல்யாண சீசன் இப்போதுதான் முடிந்திருந்தது. கேமரா கார்டுகளை எல்லாம் துடைத்து அடுத்த வேலைக்கு எடுத்துக்கொண்டாயிற்று. இங்கே இருப்பது போனால், போனதுதான்.

இந்த இடத்தில்தான் கமிஷனுக்கு வேலை. அந்தக் கணினிக்குள் டிஸ்க்குகளுக்கு முன்னால் ஒரு கார்டு உட்கார்ந்திருக்கிறது. கூட்டுக் குடும்பத்தில் வாசலில் வந்து நின்று பதில் சொல்லும் பெரிய மருமகள் மாதிரி. உள்ளே நாலு பேர் இருப்பார்கள். யார் யாரோடு சேர்த்தி, யாருக்கு யாரோடு பேச்சில்லை என்பது எதுவும் வெளியே வராது. கேட்டால், "நாங்க எல்லாம் ஒண்ணுதான்" என்று ஒரே டிஸ்க்காகக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திவிடும். ஆனால் உள்ளே எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாமல் எதையும் கழற்றக் கூடாது. ஒருவகைச் சேர்க்கையில், நாலில் எந்த இரண்டு போனாலும் மீதி இரண்டு சமாளித்துக்கொள்ளும். இன்னொரு வகையில், அவை இரண்டு ஜோடிகள். ஜோடியில் ஒன்று போனால் பரவாயில்லை, ஒரே ஜோடியின் இரண்டும் போனால் எல்லாமே போச்சு. வேடிக்கை என்னவென்றால், வெளியிலிருந்து அளவைப் பார்த்தால் இரண்டு வகையும் ஒரே அளவுதான். நாலு டிஸ்க் போட்டால் இரண்டு டிஸ்க்குக்குத்தான் இடம்.

அந்தக் கார்டோடு பேசுவதற்கென்று ஒரு சின்ன நிரல் உண்டு. சீக்காளி மெஷினில் அது இல்லை, புதிதாக ஏற்ற வேண்டும். பக்கத்து மெஷினில் ஏற்கெனவே இருந்தது. கமிஷனின் கொள்கை வேலை செய்தது. மூச்சு வாங்கிக்கொண்டு கிடப்பதை எதற்குப் போட்டுக் குடைய வேண்டும்? இரண்டும் ஒன்றாக வாங்கியவை, ஒரே ஆள் ஒரே நாளில் அடுக்கியவை. பக்கத்து மெஷினைக் கேட்டார். அது பளிச்சென்று பதில் சொன்னது. எந்த இரண்டு போனாலும் தாங்கும் சேர்க்கை. அளவையும் ஒத்துப் பார்த்தார். இம்மி பிசகவில்லை.

"ரெண்டு போனாலும் தாங்கும். பயப்படாதே" என்றார் கொழுந்தனிடம். அந்தக் குரலில் தானே மயங்கிவிட்டதாகப் பிற்பாடு சொன்னார். கொழுந்தன் அப்போதுதான் செருப்பைப் பார்த்து, கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்து, சோபாவில் சாய்ந்து போனை எடுத்தான். ஒன்றும் ஆகவில்லை, அண்ணி பார்த்துவிட்டார்கள் என்று கடைப்பையன்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது சமையலறை வரைக்கும் கேட்டது.

முறைப்படி பார்த்தால் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்று மாட்டி, அது தேறிய பிறகு அடுத்தது. கமிஷனுக்கு இது தெரியாதா என்ன, ஊருக்கே சொல்பவர். ஆனால் கூண்டுக்காரருக்கு அன்று நண்பகலோடு வேலை முடிகிறது. அடுத்து வருபவர் புதியவர், எந்தக் கூண்டு என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் பொழுது போய்விடும். இரண்டு போனாலும் தாங்கும் என்று சாட்சியும் கிடைத்துவிட்டது. இரண்டையும் ஒரே வீச்சில் மாற்றிவிடலாம் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்.

போனில் கூண்டுக்காரர் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார். சிவப்பு விளக்கு எரிந்த டிஸ்க்கை உருவி எடுத்தார். அது ஏற்கெனவே செத்தது, அதனால் ஒன்றுமில்லை. பிறகு மஞ்சளின் கைப்பிடியைத் திறந்தார். 'டக்' என்ற சத்தம் விசிறி இரைச்சலையும் தாண்டிக் கேட்டது.

"ரெண்டாவதும் ரெடி மேடம். இழுக்கட்டுமா?"

அதே நேரத்தில் சமையலறையிலிருந்து கணவர் தலையை நீட்டினார். அவர் கையில் ஒரு பால் பாக்கெட். தேநீர் போட ஒரு பாக்கெட் போதாமல் இரண்டாவதை எடுத்திருக்கிறார், அது வெயிலில் கொஞ்ச நேரம் இருந்ததோ என்று சந்தேகம். இந்த வீட்டில் சந்தேகம் வந்தால் எல்லோரும் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான்.

"ரெண்டும் ஒண்ணா வாங்கினதுதானே. அந்தப் பாக்கெட் நல்லா இருந்துச்சு. அப்ப இதுவும் நல்லாத்தானே இருக்கும்?"

கமிஷன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு எரிந்து விழுந்தார்.

"அதைப் பாத்துட்டு இதைச் சொல்ல முடியுமா? ஒண்ணா வாங்கிட்டா ஆச்சா? இதைக் காய்ச்சிப் பாருங்க."

கணவர் உள்ளே போய்விட்டார். கமிஷன் போன்மேல் பொத்திய கையை எடுக்கவில்லை. துணி துவைக்கும் இயந்திரம் பிழிவதற்குத் தயாராகி உறுமத் தொடங்கியது. தான் சொன்ன வார்த்தை தன் காதுக்கே இப்போதுதான் வந்து சேர்ந்தது போலிருந்தது அவருக்கு.

"சார்," என்றார், மிக மெதுவாக. "கையை எடுங்க."

"இழுத்துட்டு எடுக்கட்டுமா?"

"இழுக்காம எடுங்க. கைப்பிடி திறந்தபடியே இருக்கட்டும். மூடவும் வேண்டாம்."

"எடுத்துட்டேன். என்ன மேடம் ஆச்சு?"

"நான் இதைக் கேக்கவே இல்ல சார். பக்கத்துல நின்னதைக் கேட்டேன்."

கமிஷன் அந்தச் சின்ன நிரலைச் சீக்காளி மெஷினில் ஏற்றினார். கொள்கை, கோட்பாடு எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, படுத்திருந்ததையே எழுப்பி, நீ யார், உள்ளே எப்படிச் சேர்ந்திருக்கிறாய் என்று கேட்டார். அது முக்கி முனகிப் பதில் சொன்னது. இரண்டு ஜோடி. சிவப்பும் மஞ்சளும் ஒரே ஜோடி.

அந்த மஞ்சளை இழுத்திருந்தால் சீசன் முழுவதும் போயிருக்கும், போன சீசனும், அதற்கு முந்தியதும். இழுக்கட்டுமா என்று கேட்கும் நல்ல பழக்கம் கூண்டுக்காரருக்கு இருந்ததும், அந்தப் பாக்கெட்மேல் கணவருக்குச் சந்தேகம் வந்ததும்தான் காப்பாற்றின. (பால் திரியவில்லை, நன்றாகவே இருந்தது. "நான் சொன்னேனே" என்று கணவர் இன்றுவரை அந்த வெற்றியை விட்டுக்கொடுக்காமல் இருக்கிறார்.)

கூண்டுக்காரர்தான் முதலில் பேசினார். "மேடம், எப்பவும் நீங்கதானே என்னைக் கேப்பீங்க. பாத்தீங்களா, யாராவது சொன்னாங்களான்னு."

"கேளுங்க சார், நல்லாக் கேளுங்க. இன்னிக்குக் கமிஷன் மேலயே ஒரு கமிஷன்."

"வீட்டுல சொல்லிடறேன் மேடம், வர லேட்டாகும்னு" என்றார் அவர். கமிஷன் அதற்கு நன்றி சொல்லத் தெரியாமல், எந்த முழங்கால், வலதுதானே, ஸ்டூல் போட்டு உட்காருங்கள் என்று ஏதோ சொன்னார்.

வேலை பிறகு ஒழுங்காக நடந்தது. கொழுந்தன் இன்னும் யாருக்கும் கொடுக்காத படங்களை மட்டும் முதலில் வெளியே இழுத்துப் பத்திரப்படுத்தினார். மஞ்சளின் கைப்பிடியை மெல்ல மூடச் சொன்னார். செத்த டிஸ்க் இருந்த இடத்தில் புதியதை மாட்டச் சொன்னார். மஞ்சள் தன்னிடம் இருப்பதை எல்லாம் புதியதுக்கு வரி வரியாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது. அன்று மாலைக்குள் அது முழுக்கச் சொல்லி முடித்தது என்பதையும், அதற்குப் பிறகுதான் மஞ்சளைக் கழற்றினார்கள் என்பதையும், ஒரு படம்கூடப் போகவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கமிஷன் இந்தக் கதையைச் சொல்லும்போது இதைத்தான் முதலில் சொல்வார். கேட்பவர்களைப் பதற வைத்துக் கதை சொல்வது அவருக்குப் பிடிக்காது. தான் பதறினது போதும் என்பார்.

ஆனால் அது முடிவதற்கு முன்னால், திரையில் எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டும் எண் ஊர்ந்துகொண்டிருந்தபோது, அவர் கொழுந்தனைச் சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிட்டார். அவனுக்கு எதுவும் தெரியாது. அண்ணி கெட்டிக்காரி என்று யாரிடமோ போனில் சொல்லிவிட்டு, தேநீர் குடித்து முடித்திருந்தான். சொல்லாமல் விட்டிருக்கலாம். கூண்டுக்காரர் எங்கோ இருக்கிறார், கணவர் பாலோடு சரி. இருந்தாலும் கமிஷனுக்கு ஒரு வழக்கம் உண்டு. தன் சறுக்கலைத் தானே முந்திக்கொண்டு, கொஞ்சம் கூடவே சேர்த்துச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிடுவார். அடுத்தவர் சொல்ல இடம் வைக்க மாட்டார். அப்படித்தான் இதையும் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரருக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு உனக்கு ஆபரேஷன் செய்யப் பார்த்தேன் என்றார்.

கொழுந்தன் சிரித்தான். "அதான் ஒண்ணும் ஆகலியே அண்ணி. விடுங்க."

இவ்வளவு மலிவாக மன்னிப்புக் கிடைத்ததில் கமிஷனுக்குச் சுருக்கென்றது. திட்டியிருந்தால் சமாதானமாகியிருப்பார். அவனுக்கு விளங்கவில்லை என்பது விளங்கியது. மேசையில் காலித் தேநீர் டம்ளர்கள் மூன்று இருந்தன. அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்து வந்து, இரண்டிரண்டாக நிறுத்தினார்.

"இது ரெண்டுலயும் ஒரே சரக்கு. உன் படம் ஒவ்வொண்ணுலயும் பாதி. அது ரெண்டுல மீதிப் பாதி." ஒரு டம்ளரைக் கவிழ்த்தார். "இது காலைலயே போச்சு. அதோட பாதி இப்ப எங்க இருக்கு?"

கொழுந்தன் அதன் ஜோடியைக் காட்டினான்.

"இதை எடுக்கச் சொன்னேன் நான்" என்று அதைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டார். மேசையில் அது நின்ற இடத்தில் ஈரம் ஒரு வட்டமாக இருந்தது.

"அப்ப, பாதிப் படம் இருந்திருக்கும்" என்றான் அவன், யோசித்துக்கொண்டே.

"பாதி இருந்தா படமே இல்லப்பா. மூஞ்சியும் இருக்காது, காலும் இருக்காது. எல்லாக் கல்யாணமும் அப்படித்தான்."

அவன் சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. எழுந்து வந்தான். அண்ணியின் கையிலிருந்து டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, அந்த ஈர வட்டத்தின்மேல் சரியாக வைத்து, மேலே உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு உட்கார்ந்தான். திரையில் எண் ஒன்று கூடியது.

கணவர் டம்ளர்களைக் கழுவ எடுத்துப் போக வந்தார். கவிழ்ந்து கிடந்ததை எடுத்தார், அந்தப் பக்கத்து ஜோடியை எடுத்தார். மூடியிருந்ததை எடுக்கக் கை நீட்டினார்.

"அண்ணா, இதைத் தொடாதீங்க" என்றான் கொழுந்தன்.

"டம்ளர்டா அது" என்றார் கணவர், மனைவியைப் பார்த்து. அவர் பார்வையில் ஒரு சிரிப்பு காத்திருந்தது. இப்படி ஒன்று கையில் கிடைத்தால் கமிஷன் சும்மா விட மாட்டார், ஒரு வாரத்துக்கு வைத்துச் செய்வார் என்று அவருக்குத் தெரியும்.

கமிஷன் சிரிக்கவில்லை. டம்ளர் மேசை விளிம்புக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தார். பின்னால் துணி துவைக்கும் இயந்திரம் பிழிந்துகொண்டிருந்தது, மேசை லேசாக அதிர்ந்தது. கொழுந்தன் உள்ளங்கையை எடுக்காமல் இருக்க, அவர் டம்ளரின் அடியை இரண்டு விரலால் பிடித்து, மெல்ல, நடுமேசைக்கு நகர்த்தி வைத்தார்.